கெஸ் (1969): பறவை சாவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறதா?

கூடல்பறவை #1

நேற்று இரவு மூன்றாவது முறையாக 'கெஸ்' பார்த்தேன். முதல் இரண்டு முறையும் கடைசிக் காட்சியில்தான் அழுதேன். இந்த முறை அதற்குச் சற்று முன்பே, அந்த வேலைவாய்ப்பு அதிகாரியின் அறையிலேயே தொண்டை அடைத்துவிட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. கதை முழுவதும் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கென் லோச் இயக்கம், டோனி கார்னெட் தயாரிப்பு. பாரி ஹைன்ஸ் 1968இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. இங்கிலாந்தின் வடக்கே பார்ன்ஸ்லி என்ற நிலக்கரி ஊர். பில்லி காஸ்பருக்குப் பள்ளிப் படிப்பு முடியப் போகிறது. அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மா வேலைக்குப் போகிறாள். அண்ணன் ஜட் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான், தம்பியை அடிக்கிறான். இருவருக்கும் ஒரே படுக்கை. பில்லி ஒரு பாழடைந்த சுவரின் கூட்டிலிருந்து கெஸ்ட்ரல் என்ற சிறு வேட்டைப் பறவையின் குஞ்சை எடுத்து வந்து, 'கெஸ்' என்று பெயர் வைத்து, வளர்த்துப் பழக்குகிறான்.

இந்தப் படத்தை "ஏழைப் பையன், ஒரு பறவை, சோகம்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பையன் என்னென்ன செய்கிறான் என்று வரிசையாகப் பாருங்கள். பறவையைப் பழக்கப் புத்தகம் வேண்டுமென்று நூலகத்துக்குப் போகிறான். பெரியவர் யாராவது கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் தர முடியாது என்கிறார்கள். பழைய புத்தகக் கடைக்குப் போய்த் திருடுகிறான். திருடியதைப் படிக்கிறான். படித்ததை மனப்பாடம் செய்கிறான். செய்து பார்க்கிறான். தவறு செய்தால் பறவை பறந்துவிடும், அதனால் பொறுமையாக இருக்கிறான். நீளக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டு, ஒரு நாள் கயிற்றை அவிழ்க்கிறான். ஆராய்ச்சி மாணவனின் வேலை இது.

பிறகு அதே பையன் பள்ளியில் வேலைவாய்ப்பு அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்காருகிறான். எதிரே இருப்பவர் கெட்டவர் இல்லை. அவரிடம் இரண்டு கட்டம்தான் இருக்கிறது: அலுவலக வேலையா, உடலுழைப்பா. சுரங்கத்துக்குப் போகமாட்டேன் என்று மட்டும் பில்லி சொல்கிறான். பொழுதுபோக்கு ஏதாவது உண்டா என்ற இடம் வருகிறது. அந்த ஒரு கேள்விக்குத்தான் அவனிடம் உலகத்திலேயே சிறந்த பதில் இருக்கிறது. அவன் சொல்லவில்லை. அண்ணன் தேடி வந்த பயத்தில் மனம் முழுக்கப் பறவை மேல் இருக்கிறது. எழுந்து போய்விடுகிறான்.

எனக்கு அந்த அறையிலேயே படம் முடிந்துவிட்டது. பறவையின் சாவு அதற்குப் பிறகு வரும் செய்தி மாதிரித்தான் இருந்தது. உங்களுக்கு எப்படி?

திரைக்கூத்து #2

நல்ல இழை. எனக்கு எப்பவும் அந்த ஃபுட்பால் காட்சிதான் முதல்ல ஞாபகம் வரும். விளையாட்டு வாத்தியார் சக்டன் தன்னை ஃபுட்பால் ஸ்டார் பாபி சார்ல்டன்னு நினைச்சுக்கிட்டு, பசங்களை இடிச்சுத் தள்ளிட்டு, தானே ரெஃபரியாவும் இருந்து தனக்கே பெனால்டி குடுத்துக்குவார். திரையில டிவி மேட்ச் மாதிரி ஸ்கோர் வேற வரும். தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. ஆனா சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள குளிர்ந்த தண்ணிக் குளியல் வந்துரும். கோல் விட்டதுக்கு ஒரு ஒல்லிப் பையனை ஷவர்ல நிக்க வெச்சு பழி வாங்குறார் ஒரு பெரிய மனுஷன். நம்மளும் கொஞ்ச நேரம் முன்னாடி அந்த ஆளோட சேர்ந்துதானே சிரிச்சோம்னு கூசும்.

அந்த வேஷம் போட்ட பிரையன் க்ளோவர் நிஜத்துலயும் வாத்தியாரா இருந்தவர், மல்யுத்த வீரரும் கூட.

நிலவறை #3

கூடல்பறவை அக்கா, உங்க வாதம் புரியுது. ஆனா ஒரு ஆளை நீங்க ரெண்டே சொல்லுல தாண்டிட்டீங்க. "சுரங்கத்தில் வேலை பார்க்கிறான், தம்பியை அடிக்கிறான்." ஜட் அவ்வளவுதானா?

ஜட்டை வில்லனா பாத்தா படம் சின்னதாயிடும். அவன் கூண்டு லிஃப்டுல மத்த ஆளுங்களோட நெருக்கி நின்னு கீழ இறங்குற காட்சி ஒண்ணு இருக்கு. ரொம்பச் சின்னது. காலையில வெளிச்சத்துல நிக்கிற ஆள் இருட்டுக்குள்ள போறான், அவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி கிளப்புக்குக் கிளம்பும்போது அவன் கண்ணாடி முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கிறான் பாருங்க. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் மீதி நாள் எல்லாம்.

பந்தயக் காசு விஷயமும் அப்படித்தான். ஜட் குதிரைப் பந்தயத்துல கட்டச் சொல்லிக் காசு வெச்சிட்டுப் போறான். அந்தக் குதிரைங்க தேறாதுன்னு ஒருத்தர் சொன்னதைக் கேட்டு பில்லி கட்டாம விட்டுட்டு, மீனும் சிப்ஸும் வாங்கிச் சாப்பிடுறான். ரெண்டு குதிரையும் ஜெயிச்சிடுது. ஜட்டுக்குப் போனது வெறும் காசில்லை. அந்தக் காசு இருந்தா கொஞ்ச நாளாவது சுரங்கத்துக்குள்ள இறங்காம இருந்திருக்கலாம். அந்தக் கோபத்துல பறவையோட கழுத்தைத் திருகுறான். செஞ்சது சரின்னு சொல்லலை. பில்லிக்குப் பறவை எதுவோ, ஜட்டுக்கு அந்தச் சில நாள் லீவு அது. ரெண்டு பேருமே ஒருத்தரோட ஒரே சொத்தை இன்னொருத்தர் அழிச்சிடுறாங்க.

ஜட்டும் சில வருஷம் முன்னாடி அதே மேசைக்கு முன்னாடி உக்காந்திருப்பான்ல?

கூடல்பறவை #4

நிலவறை, அந்தக் கடைசி வரியை நான் யோசிக்கவே இல்லை. உண்மைதான். அவனும் அங்கே உட்கார்ந்திருப்பான். அவனிடமும் ஒரு படிவத்தைத் தள்ளியிருப்பார்கள்.

பனிக்குடை #5

வணக்கம். நான் எப்பவும் வாசிச்சிட்டுப் போற ஆள். இதுக்கு எழுதாமல் இருக்க முடியேல்ல. பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில பதினாறு வருசமா இருக்கிறன்.

நீங்கள் எல்லாரும் சப்டைட்டிலோட பாத்திருப்பியள். அதில ஒரு விசயம் முழுசாப் போயிடும். இந்தப் பக்கத்துப் பழைய பேச்சில "யூ" எண்ட சொல்லோட "தீ", "தா" எண்டும் இருக்கு. எங்கட "நீ"தான் அது. பொது ஆங்கிலத்தில இருந்து எப்பவோ போயிட்டுது, இங்க வயசானாக்களிட்ட இப்பவும் கேக்கலாம். பில்லியும் ஜட்டும் கூட்டாளியளும் தங்களுக்குள்ள அப்பிடித்தான் கதைப்பினம். வாத்தியாரிட்டப் போனா உடன மாறிப்போகும், வசனத்துக்கு வசனம் "சேர்" தான். பெரியாக்களை "தா" போட்டுக் கூப்பிட்டால் அடி விழும். தமிழ் காதுக்கு இது உடன விளங்கும். இங்கிலாந்தின்ர தெற்கில இருக்கிற ஆக்களைவிட எங்களுக்குத்தான் அந்தப் படத்தின்ர மரியாதைக் கணக்கு கூட விளங்கும் எண்டு நான் நம்புறன். பில்லியில அக்கறை காட்டுற ஃபார்திங் எண்ட வாத்தியார் வயலுக்கு வந்து பறவையைப் பாக்கேக்க, அந்தப் பெடியன்ர குரல் மெல்ல இளகிறதைக் கேளுங்கோ. "சேர்" விடாது. ஆனா பயம் போயிடும்.

மற்றது, அந்தப் பள்ளிக்கூடம் எப்பிடிப்பட்டது எண்டு தெரியாமல் படம் அரைவாசிதான் விளங்கும். 1944இல வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினொரு வயசில ஒரு பரீட்சை. பாஸ் பண்ணினால் மேல்படிப்புக்குத் தயார் பண்ணுற கிராமர் ஸ்கூல், இல்லையெண்டால் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன் எண்ட சாதாரணப் பள்ளிக்கூடம். நாலு பிள்ளையில ஒண்டுக்குக் கிட்டத்தான் கிராமர் கிடைச்சது. மிச்சப் பேருக்குப் பதினொரு வயசிலயே முடிவு எழுதியாச்சு. பதினைஞ்சு வயசில பள்ளிக்கூடத்தை விடலாம், 1972இலதான் அதைப் பதினாறாக்கினவை. பில்லி போறது அந்த மிச்சப் பேரின்ர பள்ளிக்கூடம். பாரி ஹைன்ஸ் வீட்டிலேயே இது நடந்தது. சுரங்கக் குடும்பம். பாரி கிராமர் ஸ்கூலுக்குப் போனவர், தம்பி ரிச்சர்ட் பரீட்சையில விழுந்து செகண்டரி மாடர்னுக்குப் போனவர். கெஸ்ட்ரல் வளத்தது அந்தத் தம்பி. படத்தில பறவையளைப் பழக்கினதும் அவர்தான்.

என்னோட வேலை செய்த ஒரு வயசான மனுசன், முந்திச் சுரங்கத்தில இருந்தவர், ஒருக்கா சொன்னவர்: அந்தப் பரீட்சைக் கடிதம் வந்த நாள் அவற்ற அம்மா ஒண்டும் கதைக்கேல்லையாம், தேத்தண்ணி மட்டும் போட்டுக் குடுத்தவவாம். அறுபது வருசம் கழிச்சும் அந்தத் தேத்தண்ணியைச் சொல்லுறார்.

சுண்ணக்கட்டி #6

இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஃபார்திங்கைப் பற்றி எழுத வேண்டும். அந்த வகுப்பறைக் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

பாடம் "உண்மையும் கற்பனையும்". மாணவர்களிடம் உங்கள் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார். பில்லி கவனிக்கவில்லை. எழுந்து நிற்க வைக்கிறார். இது வரை அவரும் மற்ற ஆசிரியர்களைப் போலத்தான். வேறொரு பையன் "அவனுடைய பருந்தைப் பற்றிக் கேளுங்கள் சார்" என்று எடுத்துக் கொடுக்கிறான். பில்லி முதலில் முனகுகிறான். பிறகு பறவையின் காலில் கட்டும் தோல்வாரின் பெயரைச் சொல்கிறான். அது என்னவென்று ஆசிரியருக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்காமல், பலகையில் எழுதச் சொல்கிறார்.

அங்கேதான் எல்லாம் புரள்கிறது. ஆசிரியர் கேட்கிறவர் ஆகிறார், மாணவன் சொல்கிறவன் ஆகிறான். வகுப்பு முழுவதும் வாய் பிளந்து கேட்கிறது. பில்லியின் கைகள் தாமாக அசைகின்றன. கையுறையில் இறைச்சியை எப்படிப் பிடிப்பது, பறவை எப்படித் தயங்கி, பிறகு பாயும் என்று. பயிற்சி பெற்ற நடிகருக்கு அந்தக் கைகள் வராது. டேவிட் பிராட்லிக்கு அப்போது வயது பதினான்கு. அந்த ஊர்ப் பள்ளியிலிருந்து தேர்ந்தெடுத்த பையன். பறவைகளை அவனே கையாளக் கற்றுக்கொண்டான்.

ஃபார்திங்காக நடித்த காலின் வெலண்டுக்கும் பிராட்லிக்கும் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது. அதை விட எனக்கு முக்கியமானது வேறு. ஃபார்திங் நல்லவர், வயலுக்கே வந்து பார்க்கிறார், பறவையின் முன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அப்புறம் மணியாகிறது, காரில் ஏறிப் போகிறார். அவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அவர் கண்டதை வேலைவாய்ப்பு அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல ஒரு வழியும் அந்த அமைப்பில் இல்லை. ஒரே கட்டடம், இரண்டு அறைகள். நானும் அப்படிப் பல பிள்ளைகளைக் கண்டு வியந்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறேன். அந்த முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

கூடல்பறவை #7

சுண்ணக்கட்டி ஐயா, "ஒரே கட்டடம், இரண்டு அறைகள்" என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் முதல் பதிவில் சொல்லத் தடுமாறினேன். நன்றி.

பனிக்குடை அண்ணா, "தா" விஷயம் எனக்குப் புதிது. இன்றைக்கு மறுபடியும் பார்க்கப் போகிறேன், சப்டைட்டிலை மறைத்துவிட்டு.

முகிலன்77 #8

எல்லாரும் உருகுறீங்க. நான் கேக்குறதுக்கு யாராவது நேரடியா பதில் சொல்லுங்க. தலைமை ஆசிரியர் அறையில பசங்க கையில விழுற பிரம்படி நடிப்பு இல்லை, நிஜ அடி. சேதி சொல்ல வந்த அந்தச் சின்னப் பையன், ஒரு தப்பும் பண்ணாதவன், அவன் கண்ணுல வர்ற தண்ணி நிஜக் கண்ணீர். கடைசியில பில்லி குப்பைத்தொட்டியில இருந்து எடுக்கிற பறவை வேற எப்படியோ செத்த பறவை. ஆனா தான் பழக்கின பறவைகள்ல ஒண்ணைக் கொன்னுட்டாங்கன்னு பிராட்லியை நம்ப விட்டுத்தான் அந்தக் காட்சியை எடுத்தாங்க.

குழந்தைகளை அமைப்பு நசுக்குதுன்னு படம் எடுக்கிறவங்க, குழந்தைகளை இப்படி நடத்தலாமா? அதே உழைக்கும் வர்க்கப் பசங்கதானே அவங்க?

திரைக்கூத்து #9

முகிலன், 1968ல அந்தப் பசங்க பள்ளிக்கூடத்துல வாராவாரம் பிரம்படி வாங்குனவங்கதான். அரசுப் பள்ளிகள்ல அதைத் தடை செஞ்சதே 1987ல. தலைமை ஆசிரியரா நடிச்சவரும் நிஜத்துல தலைமை ஆசிரியரா இருந்தவர்தான். அந்த அறை பொய்யா இருந்திருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.

முகிலன்77 #10

பள்ளியில அடிச்சாங்கன்றதுக்காக கேமரா முன்னாடியும் அடிக்கலாமா? அது காரணம் ஆகாது.

சுண்ணக்கட்டி #11

முகிலன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைப் படத்தின் பெருமையை வைத்து மூடக் கூடாது. லோச் கதை வரிசைப்படியே படமெடுப்பவர். நடிப்பவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லமாட்டார். பெரியவர்கள் விஷயத்தில் அது ஒரு முறை. பிள்ளைகள் விஷயத்தில், அவர்களின் சம்மதம் எங்கே என்ற கேள்வி நிற்கிறது. இன்று அப்படி ஒரு காட்சியை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

ஆனால் அந்தச் சின்னப் பையனின் காட்சியை நான் என் பள்ளியின் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் போட்டுக் காட்டினேன். சிகரெட் பிடித்த பெரிய பையன்கள் தங்களிடம் இருந்ததையெல்லாம் அவன் பையில் திணிக்கிறார்கள். தலைமை ஆசிரியர் இவன் சொல்ல வந்ததைக் கேட்கவே இல்லை. கூட்டத்தில் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போனார். மறுநாள் அவர் மேசையில் இருந்த பிரம்பைக் காணோம். இரண்டும் உண்மை. ஒன்றை ஒன்று கழிக்காது.

முகிலன்77 #12

ஏத்துக்கிறேன் சார். என் கேள்வி இந்த இழையில இருக்கணும், அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி #13

நாவலின் தலைப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்'. இடைக்கால இங்கிலாந்தில் யார் எந்த வேட்டைப் பறவையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. பேரரசனுக்குக் கழுகு என்று தொடங்கிப் படிப்படியாக இறங்கும். கடைசிப் படியில் ஏவலாளுக்குக் கெஸ்ட்ரல். நாவலின் முகப்பிலேயே ஹைன்ஸ் இதை வைத்திருக்கிறார். பறவைகளுக்கும் பதினொரு வயதுப் பரீட்சை வைத்த மாதிரி!

ஆனால் படத்தில் பார்த்தால், அந்தக் கடைசிப் படிப் பறவைதான் காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிறது. மற்ற வல்லூறுகளுக்கு அவ்வளவு எளிதில் வராத வித்தை அது. தமிழில் இந்தப் பறவைக்குச் சிற்றெழால் என்று பெயர் சொல்வார்கள். எழால் சங்கப் பாட்டிலேயே வரும் சொல். "பருந்து" என்று சப்டைட்டில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்பாது.

நாவல் படித்தவர்களுக்கு இன்னொன்று. அதில் பறவை செத்த பிறகு பில்லி ஓடிப்போய் ஒரு பாழடைந்த சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து அப்பாவை நினைப்பான். படத்தில் அது இல்லை. குழி தோண்டிப் புதைக்கிறான், முடிந்தது. அப்பாவை எடுத்துவிட்டதால் ஆறுதலுக்குத் திரும்பிப் பார்க்கவும் அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. லோச் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

நிலவறை #14

ஒளிப்பதிவைப் பத்தியும் ஒரு வார்த்தை. கிறிஸ் மெங்கஸ். செக் நாட்டுப் படங்கள்ல இருந்து கத்துக்கிட்ட பாணின்னு லோச்சே சொல்லியிருக்கார். கேமரா தள்ளி நிக்கும், உள்ள நுழையாது, இயற்கை வெளிச்சம்தான். பில்லியோட முகத்துல அழுகை வரும்போதுகூட கிட்டப் போய் நோண்டாது. அந்த மரியாதையை நான் வேற படங்கள்ல அதிகம் பாத்ததில்லை.

லோச் 2002ல 'ஸ்வீட் சிக்ஸ்டீன்'னு ஸ்காட்லாந்துல ஒரு படம் எடுத்தார். அதுலயும் பதினஞ்சு வயசுப் பையன். படத்துல பேசுற கெட்ட வார்த்தைக்காக பதினெட்டு வயசு ஆனவங்களுக்கு மட்டும்னு 18 சான்றிதழ் குடுத்தாங்க. பெரும்பாலான ஊர்கள்ல அந்தப் பையன் வயசுல இருக்கிறவங்க அந்தப் படத்தைத் தியேட்டர்ல பாக்க முடியலை. அவங்க வாழ்க்கையை அவங்க பேசுற மொழியில காட்டினா, அவங்களுக்கே அனுமதி இல்லை.

கூடல்பறவை #15

மறுபடியும் பார்த்தேன், சப்டைட்டில் இல்லாமல். பாதி வசனம் பிடிபடவில்லை. ஆனால் பனிக்குடை அண்ணா சொன்ன "தா" காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஜட் திட்டும்போதுகூட அந்த "நீ"யில் ஒரு வீட்டு நெருக்கம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே படுக்கையில் தூங்கியவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

என் முதல் பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். அந்த அறையில் படம் முடியவில்லை. கடைசியில் அவன் குழி தோண்டும் விதத்தைப் பாருங்கள். அவசரமில்லை. பறவையைப் பழக்கும்போது இருந்த அதே பதமான கை. இத்தனை நடந்த பிறகும் அந்தக் கைக்குத் தெரிந்தது மறக்கவில்லை.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. சுரங்கத்துக்குப் போகமாட்டேன் என்றான். வேறு எங்கே போயிருப்பான்?

பனிக்குடை #16

தங்கச்சி, அதுக்கு இஞ்ச ஒருத்தரிட்டயும் நல்ல பதில் இல்லை. போயிருந்தாலும் அந்த வேலை அவனுக்குக் கடைசி வரைக்கும் இருந்திராது. 1984, 85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்களை ஒவ்வொண்டாப் பூட்டினவை. பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில கிரைம்தோர்ப் சுரங்கம் 1993இல போனது. பில்லிக்கு அப்ப நாப்பது வயசு தாண்டியிருக்காது.

பார்ன்ஸ்லி நகரத்துக்குள்ள இப்ப பில்லிக்கும் பறவைக்கும் ஒரு சிலை இருக்கு. 2021இல வைச்சது. நான் வேலையால வாற வழி. பெடியள் அதுக்குக் கீழ இருந்து சிப்ஸ் சாப்பிடுவினம்.

என்ர மகளுக்குப் பதினைஞ்சு வயசு. இந்த இழைக்கு எழுதேக்க நான் ஒரு பேப்பரில "ஜெஸ்" எண்டு குறிச்சு வைச்சிருந்தனான், சுண்ணக்கட்டி ஐயா சொன்ன தோல்வாரின்ர பெயர். அதென்னப்பா எண்டு கேட்டவ. பறவையின்ர காலில கட்டுறது எண்டன். ஏன் கட்டுறது, அதுக்கு நோகாதா, அவிழ்த்தா பறந்து போயிடாதா எண்டு ஒரே கேள்வி. எனக்கு ரெண்டு கேள்விக்கு மேல பதில் தெரியேல்ல. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமாப் படம் பாக்கப் போறம். சப்டைட்டில் தேவையில்லையாம், அவ இந்த ஊர்ப் பிள்ளை.